காபி மெஷின் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காபி மெஷின் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். 15 பார், 19 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), தெர்மோபிளாக், இரட்டை பாய்லர், கேப்சூல் என்று ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் ஒரு பாஷை பேசும். அந்தப் பாஷைக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மெஷின் நமக்குத் தருவது சரியான சூட்டில் தண்ணீர், கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் வேலை மிச்சம், அவ்வளவுதான். சுவை பெரும்பாலும் கொட்டையிலும் அதை அரைத்த விதத்திலும் இருக்கிறது. இந்த மூன்றில் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் தேர்வு சுலபம்.

வறுத்த காபிக் கொட்டையின் எடையில் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம். அது முழுவதும் கோப்பைக்கு வரக்கூடாது. தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் காபி நன்றாக இருக்கும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. அதற்குக் குறைந்தால் சுருக்கென்று புளிக்கும், கூடினால் கசந்து நாக்கு வறண்டுபோகும். எந்த மெஷினுக்கும் இந்த எல்லைக்குள் காபியை இறக்குவதுதான் வேலை. வழிகள்தான் வேறு வேறு.

படி 1: கோப்பையில் என்ன வேண்டும்?

கேள்வி எளிதுதான், ஆனால் பலர் இதைக் கேட்டுக்கொள்ளாமலே மெஷின் பார்க்கப் போய்விடுகிறார்கள். பால் இல்லாத காபியைப் பெரிய குவளையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடிப்பவரா நீங்கள்? பால் தாராளமாக விட்டுக்கொள்பவரா? கப்புசினோ மாதிரி நுரை வேண்டுமா? சின்னக் கோப்பையில் கெட்டியாக நாலு வாய் போதுமா?

மெஷினின் வகையை இந்தப் பதில்தான் முடிவு செய்யும். காரணம், அடர்த்தி. டிரிப் முறையில், அதாவது தூள்மேல் சுடுதண்ணீர் விழுந்து வடிகட்டி வழியாக இறங்கும் காபியில், கரைந்திருக்கும் பொருள் 1.2 முதல் 1.5 சதவீதம் வரைதான், மீதியெல்லாம் தண்ணீர். அதிக அழுத்தத்தில் சின்னக் கோப்பைக்கு இறக்கும் எஸ்பிரெசோவில் அது 8 முதல் 12 சதவீதம் வரை போகும். டிரிப் காபியில் பாதிக்குப் பாதி பால் விட்டால் மணமும் நிறமும் வெளிறிப்போகும், பால்தான் முன்னால் நிற்கும். அதனால் பால் காபிக்காரர்களுக்கு டிரிப் மெஷின் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அவர்களுக்கு மோக்கா பாட், ஏரோபிரஸ் (இரண்டும் மின்சாரம் இல்லாதவை, படி 5இல் வரும்), எஸ்பிரெசோ, கேப்சூல் (தூளை அடைத்த சின்னக் குப்பி) ஆகிய நான்கில் ஒன்றுதான் சரிப்படும். அதேபோல, தினமும் இரண்டு குவளை கருப்புக் காபி குடிப்பவர் பெரிய எஸ்பிரெசோ மெஷின் வாங்கி, அதில் இறங்கியதைச் சுடுதண்ணீர் விட்டு நீர்க்க வைத்துக் குடிப்பது வீண் செலவு. அவருக்கு நல்ல டிரிப் மெஷினே அதைவிட நல்ல காபியைத் தரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எஸ்பிரெசோ குடித்தால் காஃபின் அதிகம் சேரும் என்று பலர் பயப்படுகிறார்கள். சொட்டுக்குச் சொட்டு பார்த்தால் அதிகம்தான். ஆனால் ஒரு சிங்கிள் எஸ்பிரெசோவில் இருப்பது ஏறக்குறைய 60 மில்லிகிராம், 240 மில்லி டிரிப் காபியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம். காஃபின் குறைய வேண்டுமென்றால் கொட்டையைப் பாருங்கள். கொட்டையில் ரோபஸ்டா, அராபிகா என்று இரண்டு முக்கிய வகை உண்டு. ரோபஸ்டாவில் இருப்பதில் சுமார் பாதிதான் அராபிகாவில் இருக்கிறது.

படி 2: எத்தனை பேர், எவ்வளவு அவசரம்?

காலையில் ஆறு பேர் ஒரே நேரத்தில் காபி கேட்கும் வீட்டில் டிரிப் மெஷின் ஒரு லிட்டரை ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடும், நீங்கள் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம். அதே ஆறு பேருக்குச் சின்ன எஸ்பிரெசோ மெஷினில் பால் நுரைத்துக் கப்புசினோ போட்டால், கடைசி ஆளுக்குக் கோப்பை கிடைக்கும்போது முதல் ஆள் குடித்துக் கழுவி வைத்திருப்பார். தனி ஆளுக்குக் கணக்கு தலைகீழ். பெரிய டிரிப் மெஷினில் ஒரே ஒரு கோப்பை போட்டால் தூள் படுகை மெல்லியதாகி, தண்ணீர் சட்டென்று ஓடிவிடும், காபி சப்பென்று இருக்கும்.

படி 3: கழுவுகிற வேலையை யார் செய்வது?

வாங்கும்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து மெஷின் மேடையில் இருக்குமா, பரணில் இருக்குமா என்பதை இதுதான் முடிவு செய்கிறது. காபியில் எண்ணெய் உண்டு. அது ஒட்டிக்கொண்டு சிக்குப் பிடித்தால் அடுத்த காபியில் சிக்கு வாடை வரும். பால் போகும் குழாய் இருந்தால் இன்னும் மோசம், ஒரு நாள் விட்டாலே புளிக்கும்.

டிரிப் மெஷினில் காகிதத்தைத் தூளோடு எடுத்துப் போட்டு ஜாடியை அலசினால் தீர்ந்தது. கேப்சூலில் அதைவிடக் குறைவு. எஸ்பிரெசோவில் ஒவ்வொரு முறையும் சக்கையைத் தட்டி, வடிகட்டியை அலசி, பால் நுரைக்கும் ஆவிக்குழாயைத் துடைக்க வேண்டும். முழுத் தானியங்கி மெஷின் காபி போடும் வேலையை மிச்சப்படுத்தும், சுத்தம் செய்யும் வேலையை மிச்சப்படுத்தாது. கழுவ நேரமும் மனசும் இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால், பால் அமைப்பு உள்ளேயே இருக்கும் மெஷினை வாங்காதீர்கள். பாலைத் தனியாக நுரைக்கும் சின்னக் கருவி ஒன்று போதும்.

படி 4: முதலில் கிரைண்டர், பிறகு மெஷின்

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் கிரைண்டருக்கான பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் மெஷின் பார்க்கச் சொல்வேன். எஸ்பிரெசோ என்றால் பாதிக்குப் பாதிகூட ஒதுக்கலாம்.

ஏன் என்றால், மிக்ஸி மாதிரி பிளேடு சுழலும் கிரைண்டர் கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. மாவு மாதிரித் தூளும் உடைந்த கட்டிகளும் கலந்து வரும். மாவிலிருந்து வேண்டாத கசப்பெல்லாம் இறங்கிவிடும், கட்டிக்குள் தண்ணீர் சரியாகப் புகாது. ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். எவ்வளவு பெரிய மெஷினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் கொட்டையை நெரிக்கும் பர் கிரைண்டர் வேண்டும். சக்கரங்களின் இடைவெளியை நாம் மாற்றலாம், தூளும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். தூளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வலையால் அழுத்தும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்குக் கல்லுப்பு மாதிரி கொரகொரப்பாக, டிரிப்புக்கு அதைவிடச் சன்னமாக, எஸ்பிரெசோவுக்கு இன்னும் சன்னமாக அரைக்க வேண்டும். எஸ்பிரெசோவுக்கு வாங்குவதென்றால், மிகச் சின்னச் சின்ன அளவாக மாற்ற முடிகிற கிரைண்டரா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு புள்ளி நகர்த்தினாலே காபி இறங்கும் நேரம் ஐந்தாறு நொடி மாறும்.

கையால் சுற்றும் கிரைண்டரைக் குறைவாக எண்ண வேண்டாம். எஃகுச் சக்கரம் உள்ள நல்ல கைக் கிரைண்டர், அதே விலையுள்ள மின்சாரக் கிரைண்டரைவிடப் பெரும்பாலும் சீராக அரைக்கும். ஓரிருவருக்குத் தாராளமாகப் போதும்.

அரைப்பதே வேண்டாம், தூளாகத்தான் வாங்குவேன் என்றால் அதுவும் ஒரு முடிவுதான். அப்படியென்றால் டிரிப், மோக்கா, கேப்சூல் பக்கம் போங்கள். அரைத்து வாங்கிய தூளை வைத்து உண்மையான எஸ்பிரெசோ போடுவது பெரும் பாடு. இறங்கும் நேரத்தைத் திருத்த நம் கையில் இருக்கும் முக்கியமான வழியே அரைப்பின் அளவுதான். அது கையில் இல்லையென்றால் அப்புறம் என்ன செய்வது?

படி 5: மின்சாரமே இல்லாத மூன்றை ஒரு முறை பாருங்கள்

பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாட், ஏரோபிரஸ் மூன்றும் மெஷின் என்ற பெயருக்குள் வருவதில்லை. ஆனால் பலருடைய தேவை இவற்றிலேயே தீர்ந்துவிடும்.

பிரெஞ்சு பிரஸ் என்று நாம் சொன்னாலும், இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு 1929இல் காப்புரிமை எடுத்தது இத்தாலியில்தான். ஒரு லிட்டருக்கு 60 கிராம், பெரிதாக அரைத்த தூள், நான்கு நிமிடம், பிறகு மெதுவாக அழுத்த வேண்டும். காபி கனமாக, அடியில் கொஞ்சம் கசடோடு வரும். இதில் உடல்நலம் சார்ந்த ஒன்று உண்டு. காபியில் உள்ள கஃபெஸ்டால் என்ற கொழுப்புப் பொருள் ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவைத்துக்கொள்ளும், உலோக வலை விட்டுவிடும். கொலஸ்ட்ரால் கணக்குப் பார்க்கிறவர்கள், தினம் பல கோப்பை குடிப்பவர்கள் காகிதம் போடுகிற முறைக்குப் போவது நல்லது.

மோக்கா பாட் 1933இல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி பெயரோடு வந்தது. கீழ் அறையில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி 1 முதல் 2 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். இது எஸ்பிரெசோ ஆகாது, ஆனால் பாலோடு சேர நல்ல கெட்டி. மோக்கா கசக்கிறது என்று ஒதுக்குபவர்கள் இப்படி ஒரு முறை போட்டுப் பாருங்கள். கீழ் அறையில் ஏற்கெனவே சுடவைத்த தண்ணீரைப் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கூடை நிறையத் தூள் போட்டு மேலே சமமாக்குங்கள், அழுத்தாதீர்கள். சூடாக இருப்பதால் துணியால் பிடித்து மேல் பாகத்தை இறுக்குங்கள். சிறு தீயில், மூடியைத் திறந்தே வையுங்கள். தேன் நிறத்தில் மெதுவாக வழிந்து வரும். நிறம் வெளிறி, கொரகொரவென்று சத்தம் வரத் தொடங்கியதுமே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கசப்பெல்லாம் அந்தக் கடைசிச் சத்தத்தில்தான் வருகிறது. வாங்கும்போது அளவையும் கவனியுங்கள். மூன்று கப் பாட் என்றால் மூன்று சின்ன எஸ்பிரெசோக் கோப்பை. பாதி நிரப்பிப் போட்டால் சரியாக வராது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு அலுமினியப் பாட் வேலை செய்யாது, அதற்கேற்ற எஃகு அடி இருக்க வேண்டும்.

ஏரோபிரஸ் 2005இல் அமெரிக்காவில் ஆலன் ஆட்லர் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் குழாய், காகித வடிகட்டி, இரண்டு நிமிட வேலை, பத்து நொடியில் கழுவிவிடலாம். தனி ஆளுக்கும் பயணத்துக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

படி 6: டிரிப் மெஷினில் எதைப் பார்க்க வேண்டும்?

காகித வடிகட்டியை 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி கொண்டுவந்தார். அதையே மின்சாரத்தில் செய்த விகோமாட் 1954இல் அதே நாட்டிலிருந்து வந்தது. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. தண்ணீர் சூடாகி மேலே போய்த் தூள்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

விலை குறைந்த மெஷின்களில் இரண்டு இடத்தில்தான் கோளாறு. ஒன்று, தண்ணீர் போதுமான சூட்டுக்கு வராது. தூளைத் தொடும்போது 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதை வெளிப்படையாக எழுதியிருக்கும் மெஷினைத் தேடுங்கள். இரண்டு, தண்ணீர் ஒரே துளையில் நடுவில் மட்டும் கொட்டும். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. காபி இறங்கியதும் கூடையைத் திறந்து தூளைப் பாருங்கள். படுகை சமமாக நனைந்து தட்டையாக இருந்தால் நல்ல மெஷின். நடுவில் குழி விழுந்து ஓரத்தில் தூள் திட்டுத்திட்டாக உலர்ந்திருந்தால் அங்கே பாதித் தூள் வீணாகிறது. தெரிந்தவர் வீட்டில் அந்த மெஷின் இருந்தால் இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜாடி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கண்ணாடி ஜாடியும் அடியில் சூட்டுத் தட்டும் உள்ளது வேண்டாம். தட்டின்மேல் அரை மணி நேரம் நின்ற காபி வெந்து கசந்துவிடும். பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் ஜாடியோடு வருவதை வாங்குங்கள்.

அப்புறம், டிரிப் காபி உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியவில்லையென்றால் ஒரு கூம்பும் காகிதமும் மட்டும் வாங்கி, கெட்டில் தண்ணீரைக் கையால் ஊற்றிச் சில வாரம் குடித்துப் பாருங்கள். சுவை அதேதான். பிடித்துப்போய், ஊற்ற நேரமில்லை என்று ஆனால் மெஷின் வாங்கலாம்.

படி 7: கேப்சூல் யாருக்கு?

நெஸ்பிரெசோ 1986இல் கடைக்கு வந்தது. பலருக்குக் கேப்சூல் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அது. பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் கோப்பை தயார். தினம் அதே சுவை. அவசரமாக ஓடுபவருக்கு, எப்போதாவது குடிப்பவருக்கு இது நியாயமான தேர்வு. ஆனால் அந்தச் சின்னக் கேப்சூலுக்குள் இருப்பது 5, 6 கிராம் தூள்தான். பெரிய குவளைப் பால் காபிக்கு ஒன்று போதாது, இரண்டு போட வேண்டி வரும். மெஷின் மலிவாகத் தெரியும், தொடர்செலவு கேப்சூலில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு எத்தனை கேப்சூல் ஆகும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் கேப்சூல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒரே கடையைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. காலிக் கேப்சூலை உங்கள் ஊரில் யாராவது திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அலுமினியம் வீட்டுக் குப்பையில் போவது எனக்கு உறுத்தும்.

படி 8: எஸ்பிரெசோ மெஷின்

இங்கேதான் அதிகப் பணமும் அதிகக் குழப்பமும். நிதானமாகப் பார்ப்போம்.

எஸ்பிரெசோ என்றால் 9 பார் அழுத்தத்தில், சுமார் 93 டிகிரித் தண்ணீர், நெருக்கமாக அழுத்திய தூள் வழியாகப் போவது. 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காபி, 25 முதல் 30 நொடிக்குள் இறங்க வேண்டும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை எடைபோட முடியும்.

அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 15 பார், 19 பார் என்ற எண் பம்பின் உச்சத் திறன். தண்ணீர் நகராமல் அடைத்துக்கொண்டால் அது எவ்வளவு தள்ளும் என்பது அந்தக் கணக்கு. காபிக்குத் தேவை 9தான். நல்ல மெஷினில் மிஞ்சிய அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு உள்ளே இருக்கும். அழுத்தம் கூடினால் தூளில் எங்கேயாவது ஓட்டை பிளந்து தண்ணீர் அது வழியாகவே ஓடிவிடும். ஆகவே 19 பார் மெஷின் 15 பார் மெஷினைவிட நல்லது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, வடிகட்டிக் கூடையைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருந்தால் சாதாரணக் கூடை. உள்ளே நிறையத் துளைகள், வெளியே நடுவில் ஒரே ஒரு துளை என்றால் இரட்டைச் சுவர்க் கூடை. இதில் அழுத்தத்தை உண்டாக்குவது தூள் கிடையாது, அந்த ஒற்றைத் துளை. பழைய தூளைப் போட்டாலும் மேலே நுரை நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சுவை ஓர் எல்லைக்கு மேல் போகாது. கிரைண்டர் இல்லாதவருக்கு இது பெரிய உதவி. கற்றுக்கொண்டு மேலே போக நினைப்பவருக்கு இரண்டு வகைக் கூடையும் கூடவே வரும் மெஷின்தான் சரி. கூடை பொருந்தும் கைப்பிடியின் விட்டத்தையும் கேளுங்கள். 58 மில்லிமீட்டர் பரவலான அளவு, கூடையும் தூளை அழுத்தும் டேம்பரும் பல இடங்களில் கிடைக்கும். 51, 54 அளவுகளும் நல்ல காபி தரும், ஆனால் பொருத்தமான பாகங்களைத் தேட வேண்டி வரும்.

பாய்லர் கணக்கு பால் நுரைப்பவர்களுக்கு முக்கியம். காபிக்கு 93 டிகிரி போதும், ஆவிக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒற்றை பாய்லர் மெஷின் இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சூடேற வேண்டும், நடுவில் காத்திருப்பீர்கள். தெர்மோபிளாக்கில் தண்ணீர் சூடான குறுகிய பாதை வழியாக ஓடிக்கொண்டே சூடாகும், ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும், ஆவி மட்டும் கொஞ்சம் மெலிவு. ஆவி பாய்லருக்கு உள்ளேயே ஒரு குழாயில் காபித் தண்ணீரைச் சூடேற்றும் வகையிலும், தனித்தனியாக இரட்டை பாய்லர் உள்ள வகையிலும் காபி இறங்கும்போதே பால் நுரைக்கலாம். ஆனால் கனமான அந்த மெஷின்கள் முழுச் சூட்டுக்கு வர 15, 20 நிமிடம் ஆகும். அதிகாலையில் எழுந்ததும் காபி வேண்டுமென்றால் நேரம் வைத்து இயங்கவிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தினம் ஓரிரு கோப்பைதான் என்றால் ஒற்றை பாய்லர் அல்லது தெர்மோபிளாக் போதும். மிச்சமாகும் பணம் கிரைண்டருக்குப் போகட்டும்.

பால் நுரைப்பது பார்ப்பதற்குத்தான் கடினம். குளிர்ந்த பாலைப் பாத்திரத்தில் பாதிக்குக் கீழே எடுத்து, ஆவிக்குழாயின் நுனியை மேற்பரப்பில் பட்டும் படாமலும் வையுங்கள். காகிதம் கிழிவது போல் ஒரு மெல்லிய சத்தம் வரும். சில நொடி அப்படிக் காற்றை இழுத்ததும் நுனியைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பால் சுழலும்படி சாய்த்துப் பிடியுங்கள். பாத்திரத்தில் உள்ளங்கையை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்கள். அது 60 டிகிரி வாக்கில் இருக்கும். 70ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய் வெந்த வாடை வரும். நிறுத்தியவுடன் ஈரத்துணியால் குழாயைத் துடைத்து ஒரு நொடி ஆவியை வெளியே விடுங்கள். உலர்ந்த பால் துளையை அடைத்துவிடும், பிறகு ஊசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முழுத் தானியங்கி மெஷின் இவை எல்லாவற்றையும் தானே செய்யும். கொட்டையை அரைத்து, அழுத்தி, இறக்கி, சில வகைகளில் பாலையும் ஊற்றிவிடும். வீட்டில் பலர் பல விதமாகக் குடிப்பார்கள், யாருக்கும் கற்றுக்கொள்ள விருப்பமில்லை என்றால் இதுதான் வழி. நல்ல கைமுறை மெஷினில் பழகியவர் போடும் எஸ்பிரெசோவின் கனம் இதில் வராது. வாங்கும்போது ஒன்றே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். காபி இறங்கும் உட்பாகத்தைக் கழற்றி வெளியே எடுக்க முடிகிறதா? முடிந்தால் வாரம் ஒரு முறை குழாயில் காட்டி அலசலாம். முடியாத மெஷினில் சுத்தம் செய்யும் மாத்திரை போட்டு ஓடவிடுவதைத்தான் நம்ப வேண்டும். மினுமினுவென்று எண்ணெய் கசியும் கருக்க வறுத்த கொட்டையும், வாசனை சேர்த்த கொட்டையும் இதில் வேண்டாம். உள்ளே இருக்கும் கிரைண்டரில் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும், கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிதில்லை.

படி 9: வீட்டில் அளந்து பாருங்கள்

மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் கொட்டை போடும் மூடியையும் மேலே திறக்கும் மெஷினுக்கு அதன் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வேண்டும். பெரும்பாலான மெஷின்கள் 1000 முதல் 1500 வாட் இழுக்கும். தனி பிளக்கில் போடுங்கள், கெட்டிலோடு ஒரே எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். ரப்பர் வளையம், கூடை, தொட்டி போன்றவை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எஸ்பிரெசோ மெஷினின் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிப்போய் ஒழுகத் தொடங்கும். சின்னப் பொருள்தான், அது கிடைக்காததால் நல்ல மெஷின்கள் மூலையில் கிடக்கின்றன.

படி 10: முதல் வாரம்

மெஷின் வந்ததும் இரண்டு தொட்டித் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டுக் கொட்டுங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கரண்டிக் கணக்கில் தினமும் தூளின் எடை மாறும், எதைத் திருத்துவது என்றே தெரியாது. கொட்டை வறுத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். வறுத்த மறுநாளே போட்டால் உள்ளே இருக்கும் கரியமிலவாயு பொங்கி, காபி சீராக இறங்காது. எஸ்பிரெசோவுக்கு ஒரு வாரம் பொறுத்தால் நல்லது, அதன்பின் மூன்று நான்கு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

எஸ்பிரெசோவில் தூளும் காபியும் எவ்வளவு எடை என்பதை மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றுங்கள். 36 கிராம் 15 நொடியில் கொட்டிவிட்டால் புளிக்கும், இன்னும் சன்னமாக அரைக்க வேண்டும். 45 நொடி இழுத்துச் சொட்டுச் சொட்டாக வந்தால் கசக்கும், கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியும். டிரிப்பிலும் பிரஸ்ஸிலும் இதே விதிதான், நொடிகள்தான் வேறு.

தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் மெஷினைக் கொல்வது சுண்ணாம்புப் படிவுதான். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே உங்கள் மெஷினுக்குள்ளும் சேர்ந்துகொண்டிருக்கும். வடிகட்டிய தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் தாது உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். அதில் காபி சப்பென்று இருக்கும், சில மெஷின்களின் நீர்மட்ட உணரிக்கும் அது தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடின நீர் என்றால் இன்னும் சீக்கிரமாக, மெஷினோடு வந்த கையேடு சொல்லும் படிவுநீக்கியை ஓடவிடுங்கள். வினிகரைத் தவிர்ப்பது நல்லது, அதன் வாடை குழாய்க்குள் தங்கிவிடும், சில ரப்பர்களுக்கும் ஆகாது. ஓட்டி முடித்ததும் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் விட்டு, வெளியே வரும் தண்ணீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். நாக்கில் புளிப்பு தட்டினால் இன்னும் ஒரு தொட்டி.